நோட்டீஸை வாங்க மறுத்தால் நிலம் தப்பிக்குமா?

வட மாவட்டக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். வயது 31, டிப்ளமா மெக்கானிக்கல் படித்தவர். ஒரகடத்தில் ஒரு நிறுவனத்தில் வேலை, வாரக் கடைசியில் ஊருக்குப் போய் வருகிறார். அப்பா கிரயம் வாங்கிய 3 ஏக்கர் 20 சென்ட் கழனியை அண்ணன் பார்த்துக்கொள்கிறார். ஒரு கிணறு, பம்பு செட், வரப்போரம் தென்னை. சம்பா நெல்லும் மல்லாட்டையும் (நிலக்கடலை) மாறி மாறிப் போடுகிறார்கள். அப்பா இறந்து நான்கு வருடம் ஆகியும் பட்டா அவர் பெயரிலேயே இருக்கிறது. அம்மா இருக்கிறார், தங்கைக்குத் திருமணமாகிவிட்டது.

இப்போது சிப்காட் தொழிற்பூங்காவுக்காக நிலம் எடுக்கப்போவதாக நோட்டீஸ் வந்திருக்கிறது. மூன்று சர்வே எண்களில் இரண்டு மட்டும் அதில் இருக்கின்றன. "அண்ணன் நோட்டீஸை வாங்கவே மாட்டேன் என்கிறார். ஊரில் 80 சதவீதம் பேர் கையெழுத்துப் போடாமல் ஒரு சென்ட்கூட எடுக்க முடியாது என்று சொல்கிறார்கள். ஒரு புரோக்கர், இப்போதே பவர் எழுதிக் கொடுத்தால் நல்ல விலை தருகிறேன் என்கிறார். நானே தொழிற்சாலையில் வேலை செய்கிறவன். ஊருக்குப் பக்கத்திலேயே கம்பெனி வந்தால் நல்லதுதானே என்றும் தோன்றுகிறது. அதை வீட்டில் சொன்னால் துரோகி மாதிரிப் பார்க்கிறார்கள். நிலத்தைக் காப்பாற்ற முடியுமா? முடியாவிட்டால் எவ்வளவு கிடைக்கும்? எனக்கு அங்கே வேலை தருவார்களா? தங்கைக்குச் சீர் செய்து கட்டிக் கொடுத்துவிட்டோம், அவளிடமும் கையெழுத்து வாங்க வேண்டுமா?" என்று கேட்கிறார். கடிதத்தின் நடுவே ஒரு வரி: "எங்கள் கழனியில் வருடக்கணக்காக மூன்று பெண்கள் கூலிக்கு வருகிறார்கள்." அவர்களைப் பற்றிக் கேள்வி எதுவும் இல்லை. ஆனால் என் பதிலில் அவர்களுக்கும் இடம் உண்டு.

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் மனசில் இருக்கும் இழுபறிக்காக நீங்கள் வெட்கப்பட வேண்டியதில்லை. நில எடுப்பு வழக்குகளுக்காக என்னிடம் வரும் குடும்பங்களில் பாதிப் பேர் வீட்டில் இதே சண்டைதான். செய்யாறு சிப்காட்டின் காலணித் தொழிற்சாலைகளுக்கு விடியற்காலையில் கம்பெனி பஸ் ஏறிப் போகிறவர்களில் பெரும்பாலானோர் சுற்றுவட்டாரக் கிராமத்துப் பெண்கள். அந்தச் சம்பளத்தில் பிள்ளைகள் படித்திருக்கிறார்கள், கடன் அடைந்திருக்கிறது. அதே செய்யாறு பக்கம் மேல்மாவில், விரிவாக்கத்துக்கு நிலம் தர மறுத்துப் போராடிய விவசாயிகள் மீது 2023 நவம்பரில் குண்டர் சட்டம் பாய்ந்தது. கடும் எதிர்ப்பு கிளம்பிய பிறகு அரசு அந்த நடவடிக்கையிலிருந்து பின்வாங்கியது. இரண்டுமே நம் கண்முன் நடந்தவை. தொழிற்சாலை வேண்டுமா வேண்டாமா என்று உங்கள் குடும்பம் முடிவெடுக்கும் நிலையில் இப்போது இல்லை. எந்த நிலத்தில், என்ன விலைக்கு, யாருக்கு என்ன எழுதிக் கொடுத்துவிட்டு என்பதில்தான் உங்களால் ஏதாவது செய்ய முடியும். அதற்கான நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது.

அந்த நோட்டீஸ் எந்தச் சட்டத்தின் கீழ் வந்தது?

முதல் பக்கத்தின் மேலே பாருங்கள். 'தமிழ்நாடு தொழில் நோக்கங்களுக்காக நிலம் கையகப்படுத்தும் சட்டம், 1997' என்றும், பிரிவு 3(2) என்றும் இருக்கும். சிப்காட்டுக்கு நிலம் எடுப்பது பெரும்பாலும் இந்தச் சட்டத்தின் வழியாகத்தான். உங்கள் ஊரில் பேசிக்கொள்ளும் 80 சதவீதம் என்பது 2013-ஆம் ஆண்டின் மத்திய நில எடுப்புச் சட்டத்தில் இருக்கிறது. தனியார் நிறுவனத்துக்காக எடுத்தால் 80 சதவீதம், அரசும் தனியாரும் கூட்டாகச் செய்யும் திட்டமென்றால் 70 சதவீதம் குடும்பங்களின் சம்மதம் வேண்டும் என்கிறது அது. அரசு தனக்காகவே எடுத்தால் அந்தச் சட்டத்திலும் சம்மதம் தேவையில்லை.

தமிழ்நாடு அரசு இந்தத் தொழில் நிலச் சட்டத்தையும் இன்னும் இரண்டு மாநிலச் சட்டங்களையும் மத்தியச் சட்டத்தின் பிடியிலிருந்து விலக்கிக்கொண்டது. 2019 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அது செல்லாது என்றது. அதே ஆண்டே சட்டமன்றம் புதுச் சட்டம் போட்டு மூன்றுக்கும் உயிர் கொடுத்தது. 2021 ஜூன் 29-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அந்தப் புதுச் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்துவிட்டது. ஆகவே சம்மதக் கணக்கும், நிலம் எடுப்பதால் ஊர் மக்களுக்கு என்ன பாதிப்பு என்று முன்கூட்டியே ஆராயும் சமூகத் தாக்க மதிப்பீடும் உங்கள் நிலத்துக்குக் கட்டாயமில்லை. இதைச் சொல்வதில் எனக்கு மகிழ்ச்சி இல்லை. சம்மதம் கேட்காமல் ஒரு கிராமத்தின் கழனியை எடுப்பது நியாயமல்ல என்பதே என் கருத்து. ஆனால் என் கருத்தை நம்பி நீங்கள் கெடுவைத் தவற விட்டுவிடக் கூடாது.

மத்தியச் சட்டத்திலிருந்து உங்களுக்கு மிச்சம் இருப்பது அதன் அட்டவணைகள். இழப்பீட்டுக்கு முதல் அட்டவணை, மறுவாழ்வுக்கு இரண்டாவது, மீள்குடியேற்ற வசதிகளுக்கு மூன்றாவது. இவை மாநிலச் சட்டத்தின் கீழ் எடுக்கும் நிலத்துக்கும் பொருந்தும். இதைத்தான் நீங்கள் இறுகப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

அண்ணனின் கோபம் நியாயம், வழி தப்பு

நோட்டீஸை வாங்காவிட்டால் வேலை நின்றுவிடும் என்று அண்ணன் நினைக்கிறார். நிற்காது. கதவில் ஒட்டுவார்கள், கிராம நிர்வாக அலுவலகத்தில் ஒட்டுவார்கள், உங்களிடம் சேர்ப்பித்ததாகக் குறிப்பு எழுதிக்கொண்டு போய்விடுவார்கள். அப்புறம் கோப்பில் 'ஆட்சேபணை எதுவும் வரவில்லை' என்று ஒரு வரி ஏறும். அந்த வரிதான் பின்னாளில் நீதிமன்றத்தில் உங்களுக்கு எதிராக நிற்கும்.

3(2) நோட்டீஸ் என்பது, 'உங்கள் நிலத்தை ஏன் எடுக்கக் கூடாது என்று காரணம் சொல்லுங்கள்' என்று அரசு கேட்பது. அதற்குப் பிறகு 3(1) அறிவிப்பு அரசிதழில் வெளியானால், வெளியான அன்றே நிலம் அரசுக்குப் போய்விடும். பணம் கைக்கு வந்த பிறகுதான் நிலம் போகும் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இந்தச் சட்டத்தில் அப்படி இல்லை. அரசிதழுக்குப் பிறகு பேச்செல்லாம் பெரும்பாலும் தொகையைப் பற்றியதாகத்தான் இருக்கும். நிலத்தைப் பற்றிப் பேச உங்களுக்கு இருக்கும் நல்ல வாய்ப்பு இந்த நோட்டீஸுக்குக் கொடுக்கும் பதில்தான்.

அந்தப் பதிலில் 'நிலம் தர மாட்டோம், இது எங்கள் உயிர்' என்று மட்டும் எழுதாதீர்கள். அது உண்மைதான். ஆனால் அதிகாரி அதற்கு ஒரே வரியில் பதில் எழுதிவிட முடியும். ஒரே வரியில் தள்ளிவிட முடியாதவற்றை எழுதுங்கள். உங்கள் கடிதத்திலேயே அப்படி ஒன்று இருக்கிறது. நோட்டீஸில் உள்ள இரண்டு சர்வே எண்களில் ஒன்றில்தான் கிணறு இருக்கிறது என்கிறீர்கள். அப்படியானால் மூன்றாவது எண்ணில் மிஞ்சும் 80 சென்ட் தண்ணீரும் இல்லாமல், வண்டிப்பாதையும் இல்லாமல் நிற்கும். புலப்படத்தின் (சர்வே எண்ணின் அளவு வரைபடம்) நகலை எடுங்கள். கிணறு எங்கே, வாய்க்கால் எப்படிப் போகிறது, பாதை எது என்று சிவப்பு மையில் குறித்து மனுவோடு இணையுங்கள். கிணறு இருக்கும் பகுதியை விட்டுவிட வேண்டும், அது முடியாவிட்டால் மிச்சத் துண்டையும் சேர்த்தே எடுத்து இழப்பீடு தர வேண்டும் என்று இரண்டு மாற்றாகக் கேளுங்கள். பூங்காவின் எல்லை ஓரத்தில் இருக்கும் நிலங்களை விட்டுக்கொடுப்பது நடக்காத காரியம் அல்ல.

நிலம் ஏரிப் பாசனத்தில் இருந்தால், கிராமத்தின் நிலப் பதிவேடான 'அ' பதிவேட்டில் நன்செய் என்று இருக்கும். அதன் நகலையும் வையுங்கள். பல போகம் விளையும் பாசன நிலத்தை வேறு வழியே இல்லாத நிலையில்தான் எடுக்க வேண்டும் என்று மத்தியச் சட்டத்தின் 10-ஆவது பிரிவு சொல்கிறது. அது உங்கள் நிலத்தை நேரடியாகக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் நியாயமான கொள்கை எது என்று காட்டும் வாதமாக வைக்கலாம். மழைக்காலத்தில் ஏரியின் உபரி நீர் எந்த வழியாகப் போகிறது, அந்த ஓடை பூங்காவுக்குள் மாட்டினால் எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கும் என்பதை ஊரில் பெரியவர்கள் சொல்வார்கள். அதை எழுதுங்கள். வரைபடம் போட்டவர்களுக்கு அது தெரிந்திருக்காது.

உங்கள் மாவட்டத்தில் ஏற்கெனவே இருக்கும் தொழிற்பூங்காக்களில் எத்தனை ஏக்கர் ஒதுக்கப்படாமல் கிடக்கிறது, ஒதுக்கிய மனைகளில் எத்தனை இன்னும் முள்செடி மண்டிக் கிடக்கின்றன என்று தகவல் உரிமைச் சட்டத்தில் இன்றைக்கே கேளுங்கள். பதில் வர 30 நாள் ஆகலாம். மனுவுக்குள் சேர்க்க முடியாவிட்டாலும், நேரில் விசாரணைக்குக் கூப்பிடும்போது கையில் இருக்கும். வேலைவாய்ப்புக்காக நிலம் என்றால், இருக்கும் நிலம் வேலை தந்துவிட்டதா என்று கேட்க ஊருக்கு முழு உரிமை உண்டு. கிராம சபையில் தீர்மானம் போடுவதும் நல்லது. அது அரசைக் கட்டுப்படுத்தாது, ஆனால் ஆட்சேபணை ஒரு குடும்பத்துடையது மட்டும் அல்ல என்பதற்குச் சாட்சி.

புரோக்கரிடம் பவர் கொடுக்காதீர்கள்

இதில் எனக்கு இரண்டாவது யோசனையே இல்லை. பொது அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுத்தால் விற்கவும், பணம் வாங்கவும், பேச்சுவார்த்தையில் உட்காரவும் அவருக்கு அதிகாரம் போய்விடும். அவர் கொடுப்பதாகச் சொல்லும் விலைக்கும் பிறகு கிடைக்கப்போகும் இழப்பீட்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் அவருக்கு லாபம். அந்த லாபம் இல்லாவிட்டால் அவர் உங்கள் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்திருக்க மாட்டார். இன்னொரு சேதமும் உண்டு. இப்படி அவசரமாக விற்கும் பத்திரங்களில் தொகையைக் குறைத்துத்தான் எழுதுவார்கள். அந்தப் பத்திரங்களே நாளைக்கு உங்கள் பக்கத்துக் கழனிக்காரருக்கு விலை நிர்ணயிக்கும் ஆதாரமாக வந்து நிற்கலாம்.

எவ்வளவு கிடைக்கும்?

வழிகாட்டி மதிப்புதான் விலை என்று நினைக்க வேண்டாம். வழிகாட்டி மதிப்பு, அதே ஊரிலோ பக்கத்து ஊரிலோ கடந்த மூன்று வருடத்தில் பதிவான அதேமாதிரி நிலங்களின் கிரயங்களில் விலை கூடிய பாதியின் சராசரி, இந்த இரண்டில் எது அதிகமோ அது சந்தை மதிப்பு. கிராமப்புறம் என்றால் நகரத்திலிருந்து உள்ள தூரத்தைப் பொறுத்து அதை 1 முதல் 2 வரையான ஒரு எண்ணால் பெருக்குவார்கள். அதோடு கிணறு, மரம், கட்டடம் ஆகியவற்றின் மதிப்பைச் சேர்ப்பார்கள். வரும் மொத்தத்துக்குச் சமமான இன்னொரு தொகை ஆறுதல் தொகையாகச் சேரும். ஒரு பேச்சுக்கு ஏக்கர் 10 லட்சம், பெருக்கும் எண் 1.25, கிணறும் மரமும் 2 லட்சம் என்று வைத்துக்கொண்டால், 12.5 லட்சமும் 2 லட்சமும் சேர்ந்து 14.5 லட்சம், ஆறுதல் தொகையோடு 29 லட்சம். இது கணக்கு புரிவதற்காகச் சொன்னது, உங்கள் ஊர் விலை அல்ல.

மரமும் கிணறும் இரட்டிப்பாகின்றன என்பதைக் கவனித்தீர்களா? அதனால்தான் கூட்டாக அளக்க வரும் நாளில் வீட்டில் ஒருவர் கட்டாயம் வரப்பில் நிற்க வேண்டும் என்கிறேன். தென்னையை வயதோடு எண்ணச் சொல்லுங்கள். கிணற்றின் ஆழம், கல் கட்டடம், மோட்டார் கொட்டகை, பூமிக்கடியில் போட்ட பைப் எல்லாம் குறிப்பில் ஏறியதா என்று பார்த்துவிட்டுத்தான் கையெழுத்து. அதற்கு முன்னால், எந்த நிலத்தில் என்ன பயிர் என்று கிராம நிர்வாக அலுவலர் எழுதும் அடங்கலின் நகல் வாங்கிப் பாருங்கள். நெல் விளைந்த பசலியில் (வருவாய்த் துறைக் கணக்கு ஆண்டு) 'தரிசு' என்று எழுதியிருப்பதை நான் எத்தனையோ கோப்புகளில் பார்த்திருக்கிறேன். அப்படி இருந்தால் கொள்முதல் நிலையத்தில் நெல் போட்ட ரசீது, சொசைட்டியில் பயிர்க்கடன் வாங்கிய கணக்கு, மின் இணைப்பு அட்டை ஆகியவற்றைக் காட்டி இப்போதே தாசில்தாரிடம் திருத்தக் கேளுங்கள்.

அப்புறம், பேச்சுவார்த்தைக்குக் கூப்பிட்டு ஒரு விலை சொல்வார்கள். பணம் சீக்கிரம் கிடைக்கும் என்பது அதில் உள்ள நன்மை. ஆனால் சம்மதித்து ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டால், கூடுதல் தொகை கேட்டு நீதிமன்றம் போகும் வழி பெரும்பாலும் அடைபட்டுவிடும். ஒப்பந்தம் இல்லாமல் அதிகாரியே தொகையை நிர்ணயித்தால், 'ஆட்சேபணையுடன் பெற்றுக்கொள்கிறேன்' என்று எழுதிப் பணத்தை வாங்கிக்கொண்டு கூடுதலுக்கு வழக்கு நடத்தலாம். பணத்தைத் தொட்டாலே உரிமை போய்விடும் என்று ஊரில் சொல்வது சரியல்ல. எப்படி வாங்குகிறீர்கள், எத்தனை நாளுக்குள் வழக்குக்குப் போகிறீர்கள் என்பதுதான் முக்கியம்.

தங்கையின் கையெழுத்து

வேண்டும். கையெழுத்து மட்டுமல்ல, பங்கும் அவருடையது. அப்பா தன் பெயரில் கிரயம் வாங்கி, உயில் எழுதாமல் இறந்திருந்தால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மா, அண்ணன், நீங்கள், தங்கை நான்கு பேருக்கும் சம பங்கு. கல்யாணமானதும் சீர் செய்ததும் அதைக் குறைக்காது. தங்கையைத் தவிர்த்துவிட்டுப் பட்டாவை மாற்றப் பார்த்தால், அவரோ அவர் கணவர் வீட்டாரோ பின்னால் ஒரு மனு கொடுத்தாலே போதும், மொத்தத் தொகையும் நீதிமன்றத்தில் டெபாசிட் ஆகிவிடும். பல வருடம் யாருக்கும் ஒரு ரூபாய் வராது. பணம் முடங்கும் என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. அவர் பங்கை அவர் கேட்டு வாங்கும்படி வைக்காதீர்கள், நீங்களே கூப்பிட்டுச் சொல்லுங்கள். இந்த வாரமே இ-சேவை மையத்தில் வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பித்து, நான்கு பெயரும் வரும்படி பட்டா மாறுதலுக்குக் கொடுங்கள். ஆட்சேபணை மனுவிலும் நான்கு பேரும் கையெழுத்திடுங்கள்.

வேலை விஷயம்

இரண்டாவது அட்டவணை மூன்றில் ஒன்றைத் தரச் சொல்கிறது. திட்டத்தால் வேலை உருவாகும் இடத்தில், பாதிக்கப்பட்ட குடும்பத்தில் ஒருவருக்குப் பயிற்சி கொடுத்துக் குறைந்தபட்சக் கூலிக்குக் குறையாமல் வேலை. அல்லது குடும்பத்துக்கு ஒரே தடவையாக 5 லட்சம் ரூபாய். அல்லது மாதம் 2,000 ரூபாய் வீதம் 20 வருடத்துக்கு, விலைவாசிக் குறியீட்டோடு சேர்ந்து உயரும்படி.

இதில் நீங்கள் யோசிக்க வேண்டிய ஒன்று உண்டு. பூங்காவை அமைப்பது சிப்காட். வேலை தரப்போவது அங்கே மனை குத்தகைக்கு எடுக்கும் கம்பெனிகள். அந்தக் கம்பெனிகள் வர எத்தனை வருடம் ஆகுமோ, அவர்களுக்கு உங்கள் ஊர்ப் பெயர் தெரிந்திருக்குமோ தெரியாது. மேடையில் 'வீட்டுக்கு ஒருவருக்கு வேலை' என்று சொல்வதற்கும், உத்தரவில் இன்ன நிறுவனம், இன்ன தேதிக்குள், நிரந்தர வேலை என்று எழுதுவதற்கும் நிறைய தூரம் இருக்கிறது. ஒப்பந்தக்காரர் மூலம் ஆறு மாதம் வேலைக்கு வைத்துவிட்டு அதையே வேலை கொடுத்த கணக்கில் காட்டவும் இடம் இருக்கிறது. உங்களுக்கோ ஏற்கெனவே அனுபவம் இருக்கிறது, வேலை தேடிக்கொள்ள முடியும். அதனால் எழுத்தில் வேலை உறுதி வராத பட்சத்தில், பணமாகக் கேட்பதே உங்கள் குடும்பத்துக்கு நல்லது என்பது என் அபிப்பிராயம். அண்ணனுக்கு விவசாயம் தவிர வேறு தொழில் தெரியாது என்கிறீர்கள். கிடைக்கும் தொகையில் முதல் வேலையாக அவர் பெயரில் வேறு கழனி வாங்குவதைப் பற்றிக் குடும்பமாக உட்கார்ந்து பேசுங்கள். சுற்றுவட்டாரத்தில் நிலத்தின் விலை ஏறுவதற்குள் பேச வேண்டிய பேச்சு அது.

கடிதத்தில் நீங்கள் கேட்காத மூன்று பேர்

உங்கள் கழனியில் நாற்று நடவும் களை எடுக்கவும் மல்லாட்டை ஆயவும் வரும் அந்த மூன்று பெண்கள் பெயரில் ஒரு சென்ட் நிலமும் இருக்காது, நோட்டீஸும் வந்திருக்காது. நிலம் போனால் உங்களுக்கு இழப்பீடு வரும். அவர்களுக்கு மறுநாள் கூலி மட்டும் நிற்கும். மத்தியச் சட்டம் 'பாதிக்கப்பட்ட குடும்பம்' என்று சொல்லும்போது, நிலம் இல்லாவிட்டாலும் மூன்று வருடமாக அந்தப் பகுதியில் உழைத்து அதையே முக்கியப் பிழைப்பாக வைத்திருக்கும் விவசாயத் தொழிலாளர்களையும், குத்தகைதாரர்களையும், விளைச்சலில் பங்குக்குப் பயிரிடுகிறவர்களையும் சேர்த்தே சொல்கிறது. மேலே சொன்ன 5 லட்சமோ மாதத் தொகையோ அவர்களும் கேட்கலாம். யாரும் கேட்பதில்லை என்பதால் யாரும் கொடுப்பதில்லை.

அவர்கள் உங்கள் நிலத்தில் வேலை செய்ததற்குக் கையெழுத்தான சாட்சி உங்கள் குடும்பம்தான். 'இன்னார், இன்ன தெரு, இத்தனை வருடமாக எங்கள் சர்வே எண்களில் வேலை செய்கிறார்கள்' என்று அம்மாவும் அண்ணனும் கையெழுத்திட்டு ஒரு கடிதம் கொடுங்கள். அதை வைத்து அவர்கள் தங்கள் பெயரில் தனி மனு கொடுக்கட்டும். அவர்கள் வந்தால் உங்கள் பங்கு குறைந்துவிடும் என்ற பயம் வேண்டாம். இது நிலத்தின் விலையிலிருந்து பிரித்துக் கொடுப்பதல்ல.

மனுவை நோட்டீஸில் சொன்ன கெடுவுக்குள், நில எடுப்புத் தனித் தாசில்தாரிடம் நேரில் கொடுத்து நகலில் முத்திரை வாங்குங்கள். இன்னொரு நகலை மாவட்ட ஆட்சியருக்கு ஸ்பீடு போஸ்டில், ஒப்புகை கிடைக்கும்படி அனுப்புங்கள். நேரில் விசாரிக்க வேண்டும் என்றும், உங்கள் ஆட்சேபணைக்குச் சிப்காட் தரும் பதிலின் நகல் வேண்டும் என்றும் மனுவிலேயே கேளுங்கள். வக்கீல் வைக்கப் பணம் இல்லை என்றால், மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே அங்கே இலவசமாக வக்கீல் தருவார்கள். உங்கள் அம்மாவும் தங்கையும் போகலாம், அந்த மூன்று பெண்களும் போகலாம். ஐந்து பேரும் ஒரே நாளில் போனால் இன்னும் நல்லது.